காஸ்டரைத் தொடும் முன்: பிக்கப் அலைன்மென்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயரில் காற்று பாருங்கள், சமதளத்தில் நிறுத்துங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யாரும் சொல்லித் தராத தவறுகள் சில உண்டு. தொழில் பழகும் காலத்தில் நானும் செய்தவைதான். இன்று பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களும் அவற்றையே செய்கிறார்கள், அதிலும் காஸ்டரில்.

காஸ்டர் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: ஹேண்டில்பார் தண்டு செங்குத்தாக இருக்காது, மேல்பக்கம் பின்னால் சாய்ந்திருக்கும். பிக்கப்பில் சக்கரத்தை மேலேயும் கீழேயும் ஆர்ம்களோடு இணைக்கும் உருண்டை மூட்டுகள் உண்டு; அந்த மேல் பால் ஜாயின்ட்டையும் கீழ் பால் ஜாயின்ட்டையும் இணைக்கும் கோடு அதேபோலப் பின்னால் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும், வேகத்தில் வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடுவதும் பெரும்பாலும் இதனால்தான். குறைந்தால் வண்டி அலைபாயும். கூடினால் ஸ்டியரிங் கனக்கும். கேம்பர் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு), டோ (மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாதிரி இது டயரை நேரடியாகத் தின்னாது. அதனாலேயே இதைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பின்பக்கம் போய்ப் பார்க்காமல் முன்பக்கத்தைத் திருகுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இந்தத் தவறு ஒன்றுக்குத்தான்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்கு ஓடும் ஒரு வண்டி. லோடோடு போகும்போது நன்றாகத்தான் போகும். எம்ப்டியாகத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும், ஸ்டியரிங் ரிட்டர்ன் ஆகாது. ஒரு பட்டறையில் டை ராட் எண்டு மாற்றினார்கள். சரியாகவில்லை. பால் ஜாயின்ட் மாற்றினார்கள், அப்போதும் அதே கதை. இன்னொரு இடத்தில் மெஷினில் ஏற்றி, காஸ்டர் குறைவு என்று பார்த்து, லோயர் ஆர்மின் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) கேம் போல்ட்டை, அதாவது திருகினால் ஆர்மை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தும் போல்ட்டைக் கடைசி வரை திருகி, திரையில் காஸ்டரைப் பச்சைக்குக் கொண்டுவந்து அனுப்பிவிட்டார்கள். எம்ப்டியில் அலைவது குறைந்தது. ஆனால் லோடு ஏற்றினால் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலித்தது. முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் நூல் தெரியத் தேய்ந்துபோயின.

என்னிடம் வந்தபோது நான் முதலில் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். கமான் பட்டைக் (லீஃப் ஸ்பிரிங்) கட்டில் இரண்டு பட்டை மட்டும் பெயின்ட் போகாமல் புதிதாக இருந்தன. அதிக லோடு தாங்கட்டும் என்று டிரைவர் சேர்த்திருக்கிறார். எம்ப்டியில் பின்பக்கம் தூக்கி, வண்டி மூக்கைக் கவிழ்த்து நின்றது. கோளாறு அங்கேதான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். வீல்பேஸ் சுமார் 3,000 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கம் 50 மி.மீ. உயர்ந்தால், வண்டியின் சட்டம் (சேஸிஸ்) முழுவதும் கிட்டத்தட்ட 1 டிகிரி முன்னால் கவிழும். சட்டத்தோடு சேர்ந்து முன் ஆர்ம்களும் கவிழும். அதாவது யாரும் ஒரு நட்டைக்கூடத் தொடாமலே காஸ்டரில் 1 டிகிரி போய்விட்டது. இந்த வண்டிகளுக்கு மொத்தக் காஸ்டரே சில டிகிரிதான். லோடு ஏற்றிப் பின்பக்கம் அமுங்கினால் அந்த டிகிரி திரும்ப வரும், லோடு அதிகமானால் இன்னும் கூடும். எம்ப்டியில் கேம் போல்ட்டைத் திருகிச் சரிக்கட்டியவர், லோடில் அது எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கவில்லை. மெஷின் காட்டியது சரிதான். அன்று வண்டி நின்ற நிலையைத்தான் அது காட்டும்.

டயர் தேய்ந்தது இன்னொரு அவசரத்தால். லோயர் ஆர்மில் முன்னும் பின்னும் ஒவ்வொரு கேம் போல்ட் உள்ள வண்டியில் காஸ்டரைக் கூட்ட, முன் போல்ட்டை உள்ளேயும் பின் போல்ட்டை வெளியேயும் சம அளவு நகர்த்த வேண்டும். அப்போதுதான் கீழ் பால் ஜாயின்ட் முன்னால் மட்டும் நகரும், கேம்பர் அப்படியே நிற்கும். அங்கே பின் போல்ட்டை மட்டும் வெளியே தள்ளியிருக்கிறார்கள். காஸ்டர் கூடியது, கூடவே சக்கரத்தின் கீழ்ப்பக்கம் வெளியே போய்க் கேம்பர் நெகட்டிவ் ஆனது. டோவும் மாறியிருக்கும். அதை மறுபடி பார்த்த மாதிரியே தெரியவில்லை.

தேவையில்லாமல் மாற்றிய பாகங்கள், இரண்டு டயர், ஓடாத நாட்களின் வாடகை. தினமும் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இது சின்னப் பணம் இல்லை. டேப்பை எடுத்து நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்திருந்தால் அத்தனையும் மிச்சம். அளக்க ஐந்து நிமிடம் ஆகாது.

பிறகு என்ன செய்தோம்? ஒரு பட்டையைக் கழற்றினோம். இரண்டையும் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை, அவர் தொழில் அப்படி. கேம் போல்ட்டுகளை நடுவுக்குக் கொண்டுவந்து, அவர் வழக்கமாக ஏற்றும் அளவுக்கு லோடு வைத்து ஒருமுறை, எம்ப்டியில் ஒருமுறை என்று இரண்டு அளவும் எடுத்து, இரண்டுக்கும் ஒத்துவரும் இடத்தில் நிறுத்தினோம். வண்டி பெரும்பாலும் எப்படி ஓடுகிறது என்று ஓனரிடம் கேட்காமல் பிக்கப்புக்குக் காஸ்டர் வைக்கவே கூடாது.

முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கித் தாங்கும் கம்பி) உள்ள பழைய வண்டி என்றால், பார் தளர்ந்து முன்பக்கம் இறங்கினாலும் இதே கோளாறு வரும். முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள், கோணமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அமெரிக்க வீடியோ பார்த்து இடம் வலம் மாற்றுவது

இரண்டு பக்கக் காஸ்டரும் ஒன்றாக இல்லையென்றால், காஸ்டர் குறைவான பக்கத்துக்கு வண்டி இழுக்கும். ரோடு நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருப்பதால் நம் ஊரில் வண்டி இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். அதை ஈடுகட்ட வலப்பக்கக் காஸ்டரைக் கொஞ்சம் குறைவாக, அரை டிகிரிக்கு மேல் போகாமல் வைப்பார்கள். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் அங்கே சொல்வது இதற்கு நேர் எதிர். அந்த வீடியோவை அப்படியே பின்பற்றிய ஒரு பையன் வைத்த வண்டி இடப்பக்க மண்ணை நோக்கியே போனது.

பிரேக் பிடிக்காமல் ஸ்வீப் எடுப்பது

காஸ்டரை மெஷின் நேரடியாக அளப்பதில்லை. சக்கரத்தை 20 டிகிரி உள்ளேயும் 20 டிகிரி வெளியேயும் திருப்பி, கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அதைச் சுமார் ஒன்றரையால் பெருக்கிச் சொல்கிறது. கேம்பர் 2 டிகிரி மாறினால் காஸ்டர் ஏறக்குறைய 3. திருப்பும்போது சக்கரம் உருண்டுவிட்டால், கேம்பரில் வரும் பிழையும் ஒன்றரை மடங்காகும். பிரேக் பெடலை அமுக்கியே பிடிக்கும் கம்பியை மாட்டுங்கள். சக்கரத்துக்கு அடியில் சுழலும் தட்டான டர்ன் பிளேட்டின் பூட்டு பின்னையும் கழற்றியிருக்க வேண்டும்.

டோவை முதலில் வைப்பது

கடைசியில்தான். காஸ்டரையும் கேம்பரையும் தொட்டால் டோவும் மாறிவிடும்.

இழுத்தால் உடனே காஸ்டர் என்று முடிவு செய்வது

முதலில் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்.

சக்கரம் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்குவது

கேம் சுலபமாகத் திரும்பட்டும் என்று ஜாக்கியில் தூக்கலாம், தப்பில்லை. இறுதி டைட் மட்டும் சக்கரம் தரையில், வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதுதான். தொங்கும்போது இறுக்கினால் ஆர்ம் மூட்டில் உள்ள புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் கிழியும்.

துருப்பிடித்துத் திரும்பாத கேம் போல்ட்டுக்கு கேஸ் நெருப்பு வைப்பது

புஷ் கருகிவிடும். வெட்டி எடுத்துப் புது போல்ட் போடுங்கள்.

ஆப்பை எப்படியோ செருகுவது

முன்னாலும் கமான் பட்டை உள்ள வண்டியில் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைத்துத்தான் காஸ்டரை மாற்ற முடியும். பட்டை அச்சுக்கு மேலே உட்கார்ந்திருந்தால், ஆப்பின் தடித்த முனை பின்னால் இருக்கும்படி வைத்தால் காஸ்டர் கூடும், முன்னால் வைத்தால் குறையும். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆப்பு வேண்டும், இல்லாவிட்டால் அச்சு முறுக்கப்படும். ரொம்பவும் கூட்டினால் மெதுவாகப் போகும்போதே சக்கரம் ஆட ஆரம்பிக்கும். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டை அன்றோடு விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் ஓடிய பிறகு வண்டியை வரச்சொல்லி மறுபடி டைட் வையுங்கள், ஆப்பு உட்கார்ந்ததும் அது தளரும்.