நாரிநோவா? நோவு வர முன்னமே எழும்புங்கள்

வலி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. வன்னியில் கச்சான் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்கும் அம்மாக்களுக்கும், உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் அன்றாட வேலையை உடம்புக்கு ஏற்றபடி மாற்றித் தருவார்கள்.

30 நிமிடத்தில் நாரி பிடிக்குமென்றால் 20 நிமிடத்திலேயே எழும்பிக் கொஞ்சம் நடவுங்கள், அப்புறம் தொடருங்கள். நோவில்லாத நாளில் எல்லா வரிசையையும் முடித்துவிட்டு அடுத்த நாள் படுத்துக் கிடப்பதுதான் பெரிய பிழை. குந்தாமல் சின்னப் பலகைக்கட்டையில் இருங்கள். கத்திப் பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றுங்கள். பிடி தடித்தால் விரல் மூட்டுக்குச் சுகம்.

கால் விறைத்தாலோ சலம் போக முடியாவிட்டாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.