மத்தியச் சங்கத்தில் இணைவதற்கு முன்: ராமநாதபுரம் கடற்கரைத் தொழிலாளர்களுக்கு

விசைப்படகில் மீன் வருமானத்தில் பங்குக்குப் போகும் பாம்பன், மண்டபம் மீனவர்களோ வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களோ கடற்பாசி எடுக்கும் பெண்களோ தங்கள் சங்கத்தை அகில இந்தியத் தொழிற்சங்கம் ஒன்றோடு இணைக்க விரும்பினால், முதலில் தங்கள் உள்ளூர்ச் சங்கம் யாருடையது என்பதை உறுதிசெய்ய வேண்டும். கடற்கரைச் சங்கங்களுள் படகு உரிமையாளர்களுடையவையும் உண்டு; பங்குத் தகராறு வந்தால் எதிரே உட்காரப்போவது அவர்கள்தாம்.

அடுத்து, இணைய நினைக்கும் அமைப்பின் வேரை விசாரியுங்கள். 1920இல் பம்பாயில் லாலா லஜபதி ராய் தலைமையில் தொடங்கிய ஏஐடியுசியின் (அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) 1929 நாக்பூர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நேரு. இன்று அது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்தது. 1947இல் காங்கிரஸ் சார்பில் ஐஎன்டியுசியும், 1948இல் சோசலிஸ்டுகளின் முயற்சியில் எச்எம்எஸ்ஸும், 1955இல் ஆர்எஸ்எஸ் பிரசாரகர் தத்தோபந்த் தெங்கடியால் பிஎம்எஸ்ஸும் தோன்றின. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்ததன் தொடர்ச்சியாக 1970இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் சிஐடியு பிறந்தது. தொமுச (தொழிலாளர் முன்னேற்றச் சங்கம்) திமுகவினுடையது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கட்சி உறவு குற்றமன்று. கட்சித் தொடர்பு இருப்பதால்தான் சில மனுக்கள் சென்னைக்கும் டெல்லிக்கும் போய்ச் சேருகின்றன. ஆனால் அந்தக் கட்சியே ஆட்சியில் இருக்கும்போது, இலங்கைக் கடற்படை பிடித்த மீனவர்களுக்காகவோ தாமதமாகும் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்காகவோ அந்த அமைப்பு தெருவில் இறங்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பதிலை மேடையில் தேடாமல், அதில் ஏற்கெனவே இணைந்திருக்கும் சங்கத்தாரிடம் கேளுங்கள்.

பண விஷயத்தில் சட்டம் தெளிவாக உள்ளது. அரசியல் செலவுக்குச் சங்கம் தனி நிதி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் தரும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்த முடியாது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. எனவே மாதச் சந்தாவுக்கும் கட்சி மாநாட்டு வசூலுக்கும் ஒரே ரசீது போட அனுமதிக்காதீர்கள்.

முடிவெடுக்கும் பொதுக்குழுவை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கூட்டினால் விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவதால் மாலை நேரமே நல்லது. இணைப்புக் கட்டணம் எவ்வளவு, மாநாட்டுக்கு யார் போவது, எத்தனை பேர் வாக்களித்தால் விலகலாம் என்பவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலகல் விதியைத்தான் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். சங்கக் கட்டடமும் வங்கிக் கணக்கும் உள்ளூர்ச் சங்கத்தின் பெயரிலேயே இருந்தால், விலகும் நாளில் கழற்ற வேண்டியது கொடி ஒன்றுதான்.