படகின் பெரிய ஜன்னலை அடைத்து வட்ட ஜன்னல் வைப்பது எப்படி?

தொண்டிக் கரையில் கிடந்த பழைய ஃபைபர் கேபின் படகை லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன். "அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஓட்டவா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அண்ணன். சிரிக்கட்டும். அதன் பெரிய ஜன்னல்கள் ஒழுகின. பேரலை அடித்தால் உடையவும் கூடும். அவற்றை அடைத்து, சிறிய வட்ட ஜன்னல் வைக்க முடிவு செய்தேன்.

முதலில் சட்டத்தைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டுங்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று ஒலித்தால் உள்ளிருக்கும் பிளைவுட் ஊறியிருக்கலாம். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

அடுத்ததுதான் உயிர்நாடி. திறப்பின் விளிம்பை உட்புறமிருந்து கிரைண்டரால் சரிவாகத் தேயுங்கள். சுவர் 5 மி.மீ. கனம் என்றால் சரிவு 60 மி.மீ., அதாவது 12 மடங்கு. திறப்பை அடைக்கப் புதிதாக வார்க்கும் ஃபைபர் பலகையைப் பழைய சுவரோடு பிடித்து நிறுத்துவது இந்தச் சரிவுதான். இங்கே சோம்பினால் பின்னால் விரிசல் விடும். கண்ணாடித் தூள் உடம்பெல்லாம் அரிக்கும். முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். பிறகு அசிட்டோனால் துடையுங்கள்.

மெழுகு பூசிய சன்மைக்கா தகட்டை வெளிப்புறம் இறுக்கிக் கட்டுங்கள். அதுவே அச்சு. உள்ளிருந்து 450 கிராம் மேட்டை (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள கண்ணாடியிழை விரிப்பு) ரெசினில், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினில், நனைத்து அடுக்குங்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தரும். சரிவு உள்நோக்கி விரிவதால் அடுத்தடுத்த துண்டுகளைப் பெரிதாக வெட்டுங்கள். காற்றுக்குமிழிகளை ரோலரால் வெளியேற்றுங்கள்.

இனி மதுரை வெயில். ஒரு மே மாத நண்பகலில் அரை லிட்டர் ரெசினையும் அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே குவளையில் கலக்கினேன். தூரிகையை எடுப்பதற்குள் குவளை புகைந்து உருகியது. விடியற்காலையில் செய்யுங்கள். 300 கிராம் ரெசினுக்கு 3 மி.லி. கேட்டலிஸ்ட், ஊசிக்குழலில் அளந்து; கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றுங்கள். இரண்டு அடுக்கு போட்டதும் சூடு தணியும்வரை பொறுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் கடையில் தனியாகத் தந்தால், அதை ரெசினில் முதலில் நன்றாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும்.

சில நாள் இறுகியபின் தகட்டைக் கழற்றி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போடுங்கள். வட்ட ஜன்னலின் சட்டத்தை வைத்துக் கோடு போட்டு, சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி விட்டு அறுங்கள். அறுத்த விளிம்பில் ரெசின் பூசிக் காயவிடுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பியூட்டைல் நாடாவை (நீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் நாடா) ஒட்டி, எதிரெதிர் போல்ட்டுகளாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் நாடா பிதுங்கி வெளியேறிவிடும். மறுநாள் இன்னொரு சுற்று போதும்.

கடைசியாக, ஜன்னலுக்குக் கீழே உள்ளே செய்தித்தாளை விரித்து, வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் பீய்ச்சுங்கள். தாள் எங்கே நனைகிறதோ அதற்கு மேலே நாடாவில் இடைவெளி இருக்கும். கழற்றி மறுபடி ஒட்டுங்கள். எனக்கு இரண்டு முறை கழற்ற வேண்டியிருந்தது.