மிக்லோஷ் யாஞ்சோவின் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

ஹங்கேரி இயக்குநர் யாஞ்சோவின் படங்களைப் பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கதாநாயகனைத் தேடாதீர்கள். பத்து நிமிடம் ஒரு முகத்தோடு பழகியிருப்பீர்கள். அந்த ஆளைச் சுட்டுவிடுவார்கள். கேமரா நின்று துக்கம் விசாரிக்காது, அடுத்தவனோடு நடக்கத் தொடங்கிவிடும். யார் கட்டளையிடுகிறார், யார் கீழ்ப்படிகிறார், அது எந்த நொடியில் தலைகீழாகிறது என்று மட்டும் பாருங்கள். கதை அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் 1966இல் வந்த 'தி ரவுண்ட்-அப்'. கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம். ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிரான 1848 புரட்சி தோற்று இருபது ஆண்டுகள் ஆன ஹங்கேரி. ஷாண்டோர் ரோஸா என்ற கொள்ளைத் தலைவனின் ஆட்களைக் கண்டுபிடிக்க, கண்ணுக்கு எட்டியவரை வெறும் சமவெளியாகக் கிடக்கும் புஸ்தாவில் ஊர்க்காரர்களை அடைத்துவைத்திருக்கிறார்கள். காய்தார் என்ற கைதி கொலைகாரன் என்பது தெரிந்துவிடுகிறது. உன்னைவிட அதிகக் கொலை செய்தவனைக் காட்டினால் உனக்குத் தூக்கு இல்லை என்கிறார்கள். அவ்வளவுதான், அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு அலைய ஆரம்பிக்கிறான். விசாரணை செய்கிறவர்கள் குரலைக்கூட உயர்த்துவதில்லை. இந்தப் பகுதியை இரண்டு முறை பாருங்கள். அவரது மற்றப் படங்களுக்கும் சாவி இதுதான்.

வரலாறு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? 1848 போதாது, 1956உம் வேண்டும். சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் எழுச்சியை நசுக்கிப் பத்தே ஆண்டுகளில் வந்த படம் இது. அண்மைக்கால நிகழ்வுகளுக்கும் படத்துக்கும் தொடர்பில்லை என்று யாஞ்சோ வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஹங்கேரியர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 'தி ரெட் அண்ட் தி வொயிட்' (1967). அக்டோபர் புரட்சியின் 50ஆம் ஆண்டுக்காக எடுக்கச் சொன்ன படம். வீர வணக்கம் கேட்டவர்களுக்கு, ரஷ்ய உள்நாட்டுப் போரில் செம்படையும் அதை எதிர்த்த வெள்ளைப் படையும் மாறி மாறிப் பிடித்துச் சுடுவதைக் காட்டினார். மருத்துவமனைத் தாதியரை வெள்ளைப் படை அதிகாரிகள் பிர்ச் மரக் காட்டுக்குள் கூட்டிச் செல்லும் இடம் வரும்போது கவனமாக இருங்கள். பயத்தோடு போகிற அந்தப் பெண்களை, ராணுவ வாத்தியம் முழங்க, ஒருவரோடு ஒருவர் வால்ட்ஸ் ஆட வைக்கிறார்கள். ஆடி முடித்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் துப்பாக்கிச் சூடுகளைவிட இதுதான் குலை நடுங்க வைத்தது.

பிறகு வண்ணத்துக்கு வாருங்கள். 1972இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்த 'ரெட் சாம்', 19ஆம் நூற்றாண்டு இறுதியின் விவசாயக் கூலிகள் எழுச்சியைப் பாட்டும் நடனமுமாகச் சொல்கிறது. முழுப் படமும் முப்பதுக்கும் குறைவான ஷாட்டுகள், அதாவது வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்த காட்சிகள். ஆனால் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், எண்ணினால் படம் கைநழுவும். ஒரு பெண்ணின் உள்ளங்கையில் பாய்ந்த குண்டுக் காயம் சிவப்பு ரிப்பன் பூவாக மாறுகிறதே, அதற்கு விளக்கம் கேட்காதவர்களுக்குத்தான் இந்தப் படம் பிடிக்கும். அதிலும் நிலைத்துவிட்டால் 'எலெக்ட்ரா, மை லவ்' (1974): 70 நிமிடம், 12 ஷாட்டுகள், கிரேக்கத் தொன்மத்துக்குள் ஒரு சிவப்பு ஹெலிகாப்டர்!

குரல்கள் உதட்டோடு ஒட்டாமல் ஒலித்தால் பிரதியைக் குறை சொல்ல வேண்டாம். படப்பிடிப்பின்போது நடிகர்களை நகர்த்த யாஞ்சோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். வசனமெல்லாம் பின்னால் சேர்த்தது.

1999 முதல் அவர் எடுத்த, கபா, பெபே என்ற இருவர் வரும் நகைச்சுவைப் படங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். புடாபெஸ்டின் அன்றைய அரசியல் தெரியாமல் பாதி கிண்டல் புரியாது. அந்த நேரத்தில் அவருடைய முன்னாள் மனைவி மார்த்தா மேசாரோஷ் இயக்கி, பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியை வென்ற 'அடாப்ஷன்' (1975) படத்தைப் பாருங்கள். அதில் முகங்களுக்கு மிக அருகில் போய் நிற்கிறது கேமரா.