சத்தம் அடங்கிய டேப்பெட்டைத்தான் முதலில் பாருங்கள்

"அண்ணே, டக்டக்குன்னு ஒரு சத்தம் கேக்குது. அதை மட்டும் நிறுத்திக் குடுங்க."

பக்கத்து ஊரான முட்டோனுக்கு மோட்டார்சைக்கிளில் காய்கறிக் கூடை ஏற்றிப் போகும் தம்பி ஒருவன் கேட்டான். நானும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) எடுக்காமல், காதை மட்டும் நம்பி, சத்தம் நிற்கும்வரை டேப்பெட்டை, அதாவது வால்வு நுனியில் இடைவெளி வைக்கும் திருகை, இறுக்கிக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கிக்கரை மிதித்தால் கால் வழுக்கிக்கொண்டு இறங்கியது, கம்ப்ரெஷன் கொஞ்சமும் இல்லை. இஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டைக் கழற்றி, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வை வெளிச்சத்தில் பிடித்தேன். விளிம்பில் அரை அரிசி அளவுக்கு ஒரு துண்டைக் காணோம். அந்தப் பள்ளத்தின் கரை உருகி வெளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் நல்ல சாம்பல் நிறம். தப்பு என்னுடையது. வால்வுக்கும் லேபருக்கும் காசு வாங்கவில்லை.

மியான்மரில் எங்கள் ஊரான மோல்மேனில் இன்றைக்கும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் வருகிறார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

எக்ஸாஸ்ட் வால்வு வேலை செய்யும்போது அதன் தலை 700 டிகிரிக்கு மேல் சூடாகிறது. இன்டேக் வால்வைக் குளிர்ந்த பெட்ரோல் காற்று நனைத்துக்கொண்டே போகும். எக்ஸாஸ்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, எரிந்த புகைதான் அதைத் தாண்டிப் போகிறது. அது ஆற இரண்டே வழி. சீட்டில், அதாவது வால்வு பதிந்து மூடும் வளையத்தில், அழுந்தி உட்காரும்போது சூடு ஹெட்டுக்குள் இறங்கும், பெரும்பங்கு அப்படித்தான் போகிறது. மிச்சம் ஸ்டெம் என்ற வால்வுத் தண்டு வழியாக, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குப் போகும். இஞ்சின் இரண்டு சுற்று சுற்றும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த வால்வு மூடியே இருக்கிறது. ஆறுவதற்கு அதற்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். டேப்பெட்டில் இடைவெளி இல்லையென்றால், வால்வைத் தள்ளித் திறக்கும் நெம்புகோலான ராக்கர் ஆர்ம் அதை எப்போதும் தலைமுடி அளவுக்கு அமுக்கிக்கொண்டே இருக்கும். சீட்டில் முழுசாக உட்கார முடியாது. சூடு இறங்காது, அந்தச் சந்து வழியாக நெருப்பும் பீறிடும். விளிம்பு அரிக்க ஆரம்பித்துவிட்டால் பிறகு நாள் கணக்குதான்.

ராக்கர் முனையும் அதை அசைக்கும் கேமும் தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் வரும். வால்வு முகமும் சீட்டும் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் அமிழும், ஸ்டெம்மின் நுனி மேலே ஏறும், இடைவெளி குறையும், சத்தம் போய்விடும். போன வருஷம் டக்டக்கென்ற வண்டி இந்த வருஷம் தானாக அமைதியாகிவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மூடியைத் திறங்கள். அதற்காக ரொம்ப லூஸாகவும் விடக்கூடாது. வால்வு சீட்டில் சுத்தியலால் அடிப்பதுபோல் விழும்.

அளவு பார்ப்பதைக் காலையில், வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் செய்யுங்கள். மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அரை மணி வேலை. இஞ்சின் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் எல்லாம் விரிந்திருக்கும், அளவு பொய் சொல்லும். பிளக்கைக் கழற்றிவிட்டால் இஞ்சின் லேசாகச் சுற்றும். ஹெட்டில் இருக்கும் இரண்டு டேப்பெட் மூடிகளையும், இடதுபக்கக் கவரில் இருக்கும் இரண்டு மூடிகளையும் எடுங்கள். ஹோண்டா வேவ் மாதிரி வண்டியில் மேக்னட் (இடதுபக்கக் கவருக்குள் சுற்றும் காந்தச் சக்கரம்) நட்டில் சாக்கெட் போட்டுக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி (T) குறியைக் கவரில் உள்ள வெட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள்.

இங்கேதான் புதுப் பையன்கள் கோட்டை விடுகிறார்கள். டி குறி இரண்டு சுற்றில் இரண்டு தடவை வரும். இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆடினால்தான் சரியான இடம். விறைத்து நின்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். வால்வே தேய்ந்து இடைவெளி அற்றுப்போயிருந்தால் சரியான இடத்திலும் எக்ஸாஸ்ட் ராக்கர் ஆடாது. அப்போது இன்டேக்கைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

பழைய கார்புரேட்டர் வேவ் 100க்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர். தள்ளுகம்பி வைத்த ஹோண்டா சிஜி 125க்கு 0.08. வேறு மாடலுக்கு அந்தந்தப் புத்தகத்தில் உள்ளதையே வையுங்கள், பக்கத்து வண்டியின் அளவை வைக்காதீர்கள். தகடு வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகக்கூடாது, நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை இழுப்பதுபோல் மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கியபின் தகட்டை மறுபடி விட்டுப் பாருங்கள். நட் இறுகும்போது திருகும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். பாதிப் பேர் இந்த இரண்டாவது தடவை பார்ப்பதில்லை.

வால்வு ஏற்கெனவே எரிந்துவிட்டதா என்று சந்தேகமா? சூடானபின் ஐடிலிங் நிற்காது, சைலன்ஸரில் பஃப் பஃப் என்று ஒரே சீராக இல்லாமல் வரும், சைத்தான்லான் பகோடா மேட்டில் ஆள் ஏற்றினால் இழுக்காது. பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுக் கிக் பண்ணுங்கள். கம்ப்ரெஷன் ஏறினால் ரிங் கோளாறு, ஏறாவிட்டால் வால்வு. கம்ப்ரெஸர் இருந்தால், இரண்டு வால்வும் மூடிய டி குறியில் வைத்து, கியர் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்று கொடுங்கள். சைலன்ஸரில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட், கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்.

விளிம்பு தின்னப்பட்ட வால்வை லேப்பிங் பண்ணி (பேஸ்ட் தடவிச் சீட்டில் தேய்த்து) காப்பாற்ற முடியாது, புதுசு போடுங்கள். புதுசை உள்ளே விட்டுக் கைடில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமென்றால் கைடும் மாற்ற வேண்டும், இல்லையேல் வால்வு சாய்ந்து உட்காரும், மறுபடி எரியும். முரட்டுப் பேஸ்ட், பிறகு நைஸ் பேஸ்ட். சீட்டில் சுற்றிலும் அறுபடாத ஒரே சாம்பல் வளையம், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். பேஸ்டை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவுங்கள், ஒரு துளி கைடுக்குள் தங்கினாலும் ஸ்டெம்மை அரம்போல் அராவும். பூட்டியபின் எக்ஸாஸ்ட் வாயில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள். கீழே ஈரம் கசிந்தால் மறுபடி லேப்பிங்தான்.

எரிந்ததற்கு டேப்பெட் காரணம் இல்லையென்றால் மிக்ஸிங்கைப் பாருங்கள். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். ரோட்டோரப் பாட்டில் பெட்ரோலின் அழுக்கு ஜெட்டை அடைத்திருக்கலாம். மேனிஃபோல்ட் ரப்பர் வெடித்திருக்கலாம். நம் ஊர் மழையில் ஏர் ஃபில்டர் ஊறிவிட்டதென்று கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், காயவைத்து மாட்டுங்கள்.

புது வால்வு 500 கிலோமீட்டர் ஓடிச் சீட்டில் பதிந்ததும் இடைவெளியை ஒரு தரம் பாருங்கள். காய்கறித் தம்பியின் வண்டிக்கு அப்படித்தான் பார்த்தேன், 0.05இல் சரியாக இருந்தது. இப்போதும் அந்த வண்டி டக்டக்கென்று லேசாகச் சத்தம் போட்டுக்கொண்டுதான் முட்டோன் போய்வருகிறது. அதை நிறுத்தச் சொல்லி அவன் கேட்பதில்லை.