எம்பிஏ, பி.காம் இன்டர்ன்ஷிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்பிஏ முதலாண்டு முடிந்ததும் சில வாரங்கள் ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இப்போது பி.காம், பிபிஏ மாணவர்களுக்கும் பல கல்லூரிகளில் அது வந்துவிட்டது. கோவைப் பக்கம் வணிகவியலும் மேலாண்மையும் சொல்லித்தருகிற எனக்கு, பயிற்சி முடித்துத் திரும்பும் பிள்ளைகள் பேசும் விதத்திலேயே ஒரு வித்தியாசம் தெரிகிறது. நிறுவனத்துக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரு சின்ன வேலையை முழுசாக முடித்துக் கொடுத்தவர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. சான்றிதழ் மட்டும் வாங்கி வந்தவர்கள், கம்பெனியின் இணையதளத்தில் இருப்பதைத்தான் ஒப்பிக்கிறார்கள். கீழே நான் சொல்கிற தவறுகள் எல்லாமே அந்தச் சின்ன வேலை கைக்கு வராமல் தடுப்பவை.

முதல் தவறு, போகாமலே போனதாகக் காட்டுவது. தெரிந்தவர் கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம், அதில் ஒரு முத்திரை, அவ்வளவுதான். அல்லது இணையத்தில் பணம் கட்டி, பதிவு செய்த வீடியோக்களைப் பார்த்து, கடைசியில் ‘இன்டர்ன்ஷிப் சான்றிதழ்’ என்று ஒரு பிடிஎஃப். இது பயிற்சியே இல்லை. விலைக்கு வாங்கிய காகிதம். நேர்காணலில் மூன்று கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். அந்தக் கம்பெனி வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கிறது? சரக்கு எங்கிருந்து வருகிறது? நீங்கள் யாரிடம் வேலை பார்த்தீர்கள்? பொய்ச் சான்றிதழ் வைத்திருக்கும் மாணவர் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவார். அதன்பிறகு அவருடைய உண்மையான மதிப்பெண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பணம் பற்றி ஒன்று. பயிற்சி தருகிறோம் என்று டெபாசிட் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டாம். உதவித்தொகை உண்டா, பஸ் செலவாவது கிடைக்குமா என்று சேரும் முன்பே கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. சிறு நிறுவனங்கள் பல, எதுவும் தருவதில்லை. தெரிந்துகொண்டு போவது வேறு, போன பிறகு ஏமாந்து நிற்பது வேறு.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை நம்பிக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது வகுத்த விதிப்படி, மாதம் 5,000 ரூபாயுடன் 12 மாதப் பயிற்சி. வயது 21 முதல் 24 வரை. ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போது விண்ணப்பிக்க முடியவில்லை, எம்பிஏ முடித்தவர்களும் முடியவில்லை. ஆக, கோடைப் பயிற்சி தேடும் மாணவருக்காகத் தொடங்கிய திட்டம் அது இல்லை. படிக்கும் காலத்தில் வேண்டுமென்றால் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏஐசிடிஇ நடத்தும் இன்டர்ன்ஷிப் தளத்தைப் பார்க்கலாம். அதைவிட, உங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் பயோடேட்டாவோடு நேரில் நாலு படி ஏறி இறங்குவது சீக்கிரம் பலன் தரும். ஆனால் இதை மே மாதம் தொடங்காதீர்கள், ஜனவரியிலேயே தொடங்குங்கள். மார்ச் வந்தால் எல்லா அலுவலகத்திலும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. உங்களிடம் பேச ஆள் கிடைக்காது.

பெயருக்குப் பின்னால் ஓடுவது

பெரிய கம்பெனி பெயர் பயோடேட்டாவில் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பல பெரிய நிறுவனங்களில் கல்லூரி மாணவர் போனால் மனிதவளத் துறையில் ஒரு நாற்காலியைக் காட்டி, பழைய கோப்புகளைப் படிக்கச் சொல்லிவிடுவார்கள். ஒரு மாதம் ஓடிவிடும். கேன்டீன் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைத் தவிர எதுவும் மிஞ்சாது.

திருப்பூரில் நடுத்தர அளவு பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்சண்டைசர் (ஆர்டரைத் தொடக்கம் முதல் கடைசி வரை கவனிப்பவர்) மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காலையில் ஐரோப்பாவிலிருந்து பையரின், அதாவது ஆர்டர் கொடுத்தவரின், மெயில் வந்திருக்கும்: லேப் டிப்பில் ‘பி’ சாயல் சரி, மற்றது வேண்டாம். அதாவது, சாயப்பட்டறை ஒரே நிறத்தில் இரண்டு மூன்று சாயல்களைச் சின்னத் துணித்துண்டுகளில் போட்டு அனுப்பியிருக்கும். பையர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இனி நூல் துணியாக வேண்டும், துணி சாயத்துக்குப் போக வேண்டும், பிறகு கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. அந்தத் தேதிகள் எல்லாம் டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) என்று சொல்லப்படும் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கும். சாயம் நாலு நாள் தள்ளினால் அந்த நாலு நாளைத் தையலில் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாமல் கப்பலைத் தவறவிட்டால் சரக்கு விமானத்தில் போகும், அந்த ஆர்டரில் வரவேண்டிய லாபம் அங்கேயே கரைந்துவிடும். சப்ளை செயின், பேரம், செலவுக் கணக்கு, வாடிக்கையாளர் உறவு என்று இரண்டு வருடம் தனித்தனி தாளாகப் படிப்பதெல்லாம் அந்த ஒரு ஷீட்டில் ஒன்றாக இருக்கிறது. அந்த ஷீட்டைத் தினமும் புதுப்பிக்கும் வேலையை நான்கு வாரம் பார்த்த மாணவி, எந்த நேர்காணலிலும் அரை மணி நேரம் பேசுவார்.

கோவையில் பம்ப் செய்கிறவர்கள், கரூரில் வீட்டுத் துணி நெய்கிறவர்கள், நாமக்கல்லில் லாரித் தொழில் நடத்துகிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு மேசை உண்டு. உங்கள் கையில் வேலை கொடுக்கிற இடம்தான் நல்ல இடம்.

‘எ ஸ்டடி ஆன்…’

தலைப்பே மாறாத ஒரு புராஜெக்ட் இருக்கிறது. ‘எ ஸ்டடி ஆன் எம்ப்ளாயீ ஜாப் சாடிஸ்ஃபேக்ஷன்’. கம்பெனி பெயர் மட்டும் மாறும். ஐந்து அத்தியாயம், நூறு பேரிடம் கேட்ட கேள்வித்தாள், ‘மிகவும் ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் தொடங்கி ஐந்து கட்டம், பிறகு சதவீத அட்டவணை, கை-ஸ்கொயர் என்று ஒரு புள்ளியியல் சோதனை. ‘பதிலளித்தவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள்’ என்று ஒரு பக்கம், அதற்கு ஒரு வண்ணப் படம். கடைசியில் ஆலோசனை: நிர்வாகம் ஊழியர்களை ஊக்கப்படுத்த வேண்டும். இதை எழுதுவதற்கு அந்தக் கம்பெனிக்குள் கால் வைக்கவே தேவையில்லை. அதனால்தான் இதைக் கடைகளில் பைண்டிங்கோடு சேர்த்து விற்கிறார்கள். தன் படிப்பைத் தானே இப்படி வீணடிப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மாறாக, முதல் வாரத்திலேயே உங்களுக்கு மேலே இருப்பவரிடம் கேளுங்கள்: "உங்களுக்குப் பார்க்க நேரமே கிடைக்காம தள்ளிப்போற கணக்கு ஏதாவது இருக்குங்களா சார்?" கட்டாயம் இருக்கும். ஓர் உதாரணம். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கும் வேலைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் அந்தச் செலவை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) என்று ஆடிட்டர் அலுவலகங்களில் பேசப்படும் விதி இது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பம்ப் கம்பெனியின் ஓராண்டு கொள்முதல் பில்களை எடுத்து, சப்ளையர்களில் யாரெல்லாம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளர்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை நாளில் பணம் போனது, கெடுவைத் தாண்டியவை எவை என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். முதலாளியே உட்கார்ந்து வாசிப்பார். கல்லூரிக்கும் அதையே அறிக்கையாகக் கொடுக்கலாம். கம்பெனி பெயரையும் சப்ளையர் பெயரையும் மறைக்கச் சொன்னால் மறைத்துவிடுங்கள்.

நாள்காட்டி தெரியாமல் போவது

கணக்குப் பிரிவில் பயிற்சி என்றால் அவர்களுடைய மாதம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். பொதுவாக 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வரி) கட்ட வேண்டும். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற நிறுவனத்துக்கு 11-இல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14-இல் 2பி அறிக்கை (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) தளத்தில் வரும், 15-க்குள் ஊழியர்களின் பிஎஃப், இஎஸ்ஐ, 20-இல் 3பி (வரியைக் கட்டித் தாக்கல் செய்வது). 19-ஆம் தேதி மாலை போய், "சார், ரேஷியோ அனாலிசிஸுக்கு டேட்டா வேணும்" என்று நின்றால் யாராக இருந்தாலும் எரிந்துதான் விழுவார்கள்.

அதே நாள்காட்டி உங்களுக்கு வேலையும் தரும். 14-க்கும் 20-க்கும் இடையில் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் வரிசை வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் ஆள் போதாது. நம்மிடம் பில் இருக்கும், சப்ளையர் தன் கணக்கில் ஏற்றியிருக்க மாட்டார். அப்படி என்றால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்க முடியாது. விடுபட்ட பில்களைக் குறித்து, சப்ளையருக்குப் போன் போட்டு, "அண்ணா, போன மாச பில் ரெண்டு இன்னும் ஏறலைங்க" என்று சொல்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். டேலியில் வவுச்சர் போடத் தெரிந்திருந்தால், எக்செல்லில் விலுக்அப்பும் பிவட் டேபிளும் கைக்குப் பழகியிருந்தால் இரண்டாம் நாளே இது உங்கள் வேலை. இதையெல்லாம் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்; போகும் முன் ஒரு வாரம் உட்கார்ந்தாலே வந்துவிடும்.

அலுவலகத்துக்குள்

எதற்கெடுத்தாலும் "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, இடத்துக்கு வந்து முழிப்பது நம் பிள்ளைகளிடம் அதிகம். மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். வேலை கொடுப்பவருக்கு அது தெரியாது; மாலையில் தப்பான ஷீட்தான் தெரியும். சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி, "அப்ப நான் செய்ய வேண்டியது இதுங்களா, எப்ப வேணும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் போதும். மெயிலில் தலைப்பு வரி எழுதாமல் அனுப்புவது, மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவது, இவையும் வேண்டாம்.

லிங்க்ட்இன் மோகம் இன்னும் ஆபத்து. ஏற்றுமதி நிறுவனத்தில் ஷோரூம் போன்ற ஓர் அறையில் அடுத்த சீசன் ஆடைகள் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் முன் நின்று செல்ஃபி எடுத்துப் போட்டால், பையரின் வெளிவராத டிசைனை ஊருக்குக் காட்டியதாகிவிடும். விலைப்பட்டியல், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் பெயர் எதுவும் உங்கள் பென் டிரைவுக்கோ சொந்த மெயிலுக்கோ போகக் கூடாது. ஏஐ செயலியில் கம்பெனித் தரவை ஒட்டி அறிக்கை எழுதச் சொல்வதும் இதே தவறுதான்.

மாணவிகளுக்கு ஒரு விஷயம் தனியாக. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும், சம்பளம் வாங்காவிட்டாலும் பொருந்தும். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவில் குழு உண்டு. பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். "ஒரு மாசம்தானே, பொறுத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், அது ஆசிரியராகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்துத் தவறு

மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அறுபது பேரை அனுப்பிவிட்டு, ஒருவரைக்கூட நேரில் போய்ப் பார்க்காத கல்லூரிகள் இருக்கின்றன. மாணவரின் பயிற்சிக் குறிப்பேட்டில் வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்து எல்லா வாரத்துக்கும் ஒரே பேனாவில், ஒரே நாளில் விழுகிறது. ஆசிரியர் ஒருமுறை அந்த மேசைக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசினாலே மாணவருக்குக் கிடைக்கும் வேலை மாறுகிறது; இது எனக்கு அனுபவம். மதிப்பெண்ணைப் பக்கக் கணக்குக்குக் கொடுக்காமல், நிறுவனத்துக்குச் செய்து கொடுத்த வேலைக்குக் கொடுத்தால் பைண்டிங் கடைப் புராஜெக்ட் தானாக நின்றுவிடும். தமிழிலேயே படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதப் பழக்காமல் அனுப்புவதும் எங்கள் குறைதான்.

முடிக்கும்போது

பயிற்சியின் கடைசி வாரத்தைப் பலர் விடுமுறையாக நினைக்கிறார்கள். அந்த வாரம்தான் செய்ததை ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் காட்ட வேண்டிய வாரம். சான்றிதழில் ‘நன்னடத்தை’ என்ற வரியோடு நிறுத்தாமல், நீங்கள் பார்த்த வேலையின் பெயரையும் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோனால் பெரும்பாலும் கையெழுத்திட்டுத் தந்துவிடுவார்கள். பயோடேட்டாவில் ‘கணக்குப் பிரிவில் பயிற்சி’ என்று எழுதாதீர்கள். ‘இரண்டு மாதக் கொள்முதல் பதிவேட்டை 2பி-யுடன் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைச் சப்ளையர்களிடம் பேசிச் சரிசெய்தேன்’ என்று எழுதுங்கள். அப்புறம், கல்லூரியில் வளாகத் தேர்வு தொடங்கும் முன் அந்த மேலாளருக்கு ஒரு போன் போட்டு, யாராவது விசாரித்தால் அவருடைய எண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள்.