யார்டுக்குள் கால் வைக்கும் முன்: உயரழுத்தச் சாதனங்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

துணை மின்நிலையத்தில் அப்ரண்டிஸாகச் சேரும் இளைஞர்கள் பலர், கம்பியைத் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உயரழுத்தச் சாதனங்கள் நிற்கும் திறந்தவெளியான யார்டில் இந்த நினைப்பு உயிரைப் பறிக்கும். உயரழுத்தத்தில் இடைவெளி குறைந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் உங்கள் மேல் பாயும். தொட வேண்டிய தேவையே இல்லை. எனவே இடைவெளியைக் கணிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். பொறுப்பான மேற்பார்வையாளர் இல்லாமல் இதை மட்டும் நம்பி யாரும் வேலையில் இறங்க வேண்டாம்.

படி 1: மின்னழுத்தத்தை அறிதல்

ஒரே யார்டில் 110 கே.வி. (கிலோவோல்ட், அதாவது ஆயிரம் வோல்ட்) பகுதியும் 11 கே.வி. பகுதியும் அருகருகே இருக்கும். உங்கள் வேலை எந்த ஃபீடரில் (மின்சாரத்தை எடுத்துச் செல்லும் தனித்தனி லைன்), அதன் தலைக்கு மேல் எந்த பஸ்பார் (ஃபீடர்கள் எல்லாம் இணையும் பொது மின்கடத்தி) செல்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறையிலுள்ள வரைபடத்தில் பாருங்கள். பிறகு நேரில் சென்று ஒப்பிடுங்கள்.

படி 2: அட்டவணையைப் படித்தல்

மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிமுறைகளில் வெளிப்புற யார்டுக்கான குறைந்தபட்ச இடைவெளிகள் தரப்பட்டன. 12 கே.வி. வரை 2.60 மீட்டர், 36 கே.வி.க்கு 2.80, 72.5 கே.வி.க்கு 3.10, 145 கே.வி.க்கு 3.70, 245 கே.வி.க்கு 4.30, 420 கே.வி.க்கு 6.40. கடைசி மூன்றிலும் சாதனத்தின் காப்புத் (இன்சுலேஷன்) திறனைப் பொறுத்து அளவு கூடலாம். 2023இல் புதிய விதிமுறைகள் வந்துவிட்டன. வேலைக்கு முன் நடப்பு அட்டவணையையே பாருங்கள். உங்கள் மின்னழுத்தத்துக்குத் தனி வரி இல்லையென்றால் அடுத்த உயர்ந்த வரியை எடுங்கள். 110 கே.வி.க்கு 145இன் அளவை எடுப்பதே என் பரிந்துரை.

மின்னழுத்தம் மூன்று மடங்காகியும் 11இலிருந்து 33 கே.வி.க்கு 20 சென்டிமீட்டர்தான் கூடுகிறதே என்று தோன்றலாம். மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் போன்ற காப்பானான இன்சுலேட்டரின் அடிப்பகுதி தரையிலிருந்து 2.44 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டு இந்த அளவுகள் வகுக்கப்பட்டன. ஏறக்குறைய, கையை உயர்த்தி நிற்பவருக்கு எட்டும் உயரம் அது. அதாவது, இந்த மின்னழுத்தங்களில் அளவின் பெரும்பகுதி மனித உடலுக்காக ஒதுக்கப்பட்டது.

1,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1.25 சதவீதம் கூட்ட வேண்டும். ஊட்டி போல 2,200 மீட்டர் உயரமுள்ள இடத்தில் 3.70 மீட்டர் சுமார் 4.26 மீட்டராகிவிடும்.

படி 3: எங்கிருந்து அளப்பது?

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அல்ல. நீட்டிய கையின், கையிலுள்ள கருவியின் நுனியிலிருந்து. யார்டில் ஏணியை நிமிர்த்திக்கொண்டு நடக்கவே கூடாது. இருவர் சேர்ந்து படுக்கைவாட்டில் தூக்குங்கள். உலோக ஏணி, உலோக அளவு நாடா இரண்டும் வெளியிலேயே இருக்கட்டும்.

படி 4: மின்சாரத்தைத் துண்டித்தல்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. பிரேக்கரை (மின்னோட்டத்தை நிறுத்தும் சுவிட்ச்) அணைத்து ஐசோலேட்டரைத் (இணைப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கும் சுவிட்ச்) திறந்தால் வேலை செய்யும் பக்கம் துண்டிக்கப்படும். ஆனால் ஐசோலேட்டரின் பஸ்பார் பக்கத்துத் தாடையில் (தொடர்பு முனையில்) மின்சாரம் அப்படியே இருக்கும். திறந்த ஐசோலேட்டர் ஒரு கையெட்டும் தூரத்தில் நின்று உங்களை நிம்மதியாக உணரவைக்கும். அந்தத் தாடையிலிருந்தும் முழு இடைவெளி வேண்டும். கிடைக்காவிட்டால் பஸ்பாரையும் துண்டிக்கச் சொல்லுங்கள். சொல்லத் தயங்காதீர்கள்.

துண்டித்தபின் பூட்டுப் போட்டு, லைன் கிளியர், அதாவது மின்சாரம் துண்டிக்கப்பட்டது, வேலை செய்யலாம் என்ற அனுமதியை எழுத்துமூலம் பெறுங்கள். மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்து, பிறகு உங்கள் கம்பியில் வைத்து, மறுபடி முதல் இடத்தில் சோதியுங்கள். இல்லையெனில் பழுதான டெஸ்டரை நம்பிவிடுவீர்கள். லைனை நிலத்தோடு இணைக்கும் கோலான எர்த் ராடின் கம்பியை முதலில் நிலத்தொடர்பில் இறுக்கி, அதன்பின் ராடை லைனில் மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் லைன், பிறகு நிலத்தொடர்பு. அருகில் ஓடும் இன்னொரு லைன், துண்டித்த கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பதால் எர்த் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். கடைசியாக, வேலைப் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள்.

படி 5: சுவிட்ச்போர்டு அறை

போர்டின் முன்னால் குறைந்தது 1 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பின்புறம் திறந்த இணைப்புகள் இருந்தால், இடைவெளி 20 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 75 சென்டிமீட்டருக்கு அதிகமாகவோ இருக்க வேண்டும் என்கிறது விதி. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் ஒருவர் நுழைந்துவிடலாம். அவசரத்தில் திரும்பி வெளியே வர முடியாது. மிக அதிகமாகத் துருத்தும் பாகத்திலிருந்து அளவெடுங்கள். 75க்கு மேல் இருந்தால் இரு முனைகளிலும் 1.8 மீட்டர் உயரத்துக்குத் தடையற்ற வழி வேண்டும். அங்கே பழைய கேபிளோ அட்டைப் பெட்டிகளோ அடுக்கப்பட்டிருந்தால், அவற்றை அகற்றிய பிறகே உள்ளே செல்லுங்கள்.